துண்டுக்கு அடியில் ஒரு விரல்

பாலுசாமிக் கவுண்டர் தும்மினால் கிணத்துக்கடவில் தென்னை மட்டை விழும், பொள்ளாச்சியில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் என்று அப்துல் முத்தலிப் சொல்வார். நாற்பது வருஷம் மாட்டுத் தரகராக இருந்தவர் சொல்லும் கணக்கு என்பதால், கேட்பவர்கள் பாதியைக் கழித்துக்கொள்வது வழக்கம். ஆனால் அந்தப் புதன்கிழமை காலையில் உக்கடத்து வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவரின் போனுக்குள்ளிருந்து வந்த தும்மலைக் கேட்டவர்கள் எதையும் கழித்திருக்க மாட்டார்கள். அடுப்படியிலிருந்து அவர் மனைவி இஸ்மத் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க வெடிச்சுது?"

"கவுண்டருதாம்மா," என்று போனைப் பொத்திக்கொண்டு சொன்னார் முத்தலிப். பிறகு போனில், "என்னங்க கவுண்டரே, மேலுக்கு ஏதாச்சுமுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க பாய். நல்லா இருக்கறனுங்க. காச்சல் ஒரு நூத்திரண்டு அடிக்குது. இருமல்ல நெஞ்சு கழண்டு கையோட வந்துருமாட்ட இருக்குது. ரவைக்கெல்லாம் தூக்கமில்ல, கஞ்சி எறங்கல. மத்தபடி சொகந்தானுங்க. நீங்க சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்க."

"அப்பறம், ஒரு நடை வந்துட்டுப் போனீங்கன்னா நல்லாருக்கும். ஒரு சின்ன ஒத்தாசை."

எண்பத்தியொரு வயதில் பாலுசாமி யாரிடமும் ஒத்தாசை கேட்டதாகச் சரித்திரம் இல்லை. கிணற்றில் விழுந்தபோதுகூட, "ஏனுங்க, அவசரமில்லீங்க, கையில இருக்கற சோலிய முடிச்சுப்போட்டு அந்தக் கயித்த இப்படிப் போடுங்க" என்று கேட்ட மனிதர் என்று முத்தலிப் சொல்வார். இதிலும் பாதியைக் கழிக்கலாம். முத்தலிப் டீயைப் பாதியில் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

இஸ்மத் வாசலில் மறித்து ஒரு மாஸ்க்கைக் காதில் மாட்டிவிட்டார். கொஞ்சம் யோசித்து அதன் மேலேயே இன்னொன்றை மாட்டினார். "அடுத்த மாசம் பேத்திக்கு நிக்காஹ். இருமிக்கிட்டு வந்து நின்னீங்க, ஹிபா உங்கள மண்டபத்துக்குள்ளயே விடமாட்டா. தள்ளி உக்காருங்க. தொடாதீங்க."

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் பிடித்து, கிணத்துக்கடவில் இறங்கி, ஆட்டோ வைத்துத் தோட்டத்துச் சாளைக்குப் போய்ச் சேர்ந்தார் முத்தலிப். தோட்டத்து நடுவில் தனியாக நின்ற அந்தச் சாளை வீடு வெறிச்சென்று கிடந்தது. பாலுசாமியின் மனைவி சென்னியம்மாளுக்கு ஆஸ்துமா. காய்ச்சல் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று பல்லடத்து மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தோட்டத்து ஆள் வேலுமணி வேளாவேளைக்குக் கஞ்சியை ஜன்னலில் வைத்துவிட்டு, புலிக்கு இரை வைத்தவனைப் போல நாலடி பின்னால் ஓடி நிற்பான்.

ஜன்னலையொட்டிய கட்டிலில் பாலுசாமி மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே கட்டுத்தரை. அங்கே செவலி என்ற பசு நின்றது. நிறைசெனை. மடி கனத்து, வால் அடி தளர்ந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது.

"வாங்க பாய், வாங்க. உக்காருங்க. வேலுமணி, பாய்க்குக் காப்பி கொண்டா." இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாலுசாமி இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். எழுந்து வரவேற்க வேறு முயன்றார்.

"படுங்க கவுண்டரே, நானென்ன சம்பந்தியா? காப்பியும் வேண்டாம், மாஸ்க்க எடுத்தா இஸ்மத்துக்கு மணத்துப்போகும்." முத்தலிப் கதவோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

பாலுசாமி சொல்ல ஆரம்பித்தார். இருமலுக்கு வழிவிட்டு வழிவிட்டுச் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இதுதான். திங்கட்கிழமை காய்ச்சல் கண்டது. செவ்வாய்க்கிழமை மகன் அருள்குமார், கணபதியில் லேத் பட்டறையை நிறுத்திவிட்டு வந்து, அப்பனைக் காரில் தூக்கிப்போட்டு டாக்டர் நந்திதாவிடம் கொண்டுபோனான்.

"டாக்டரா அது? பள்ளிக்கோடத்துப் புள்ளையாட்ட இருக்குது. மூக்குல குச்சிய உட்டுத் தொளாவுச்சு பாருங்க, எம்பட சின்ன வயசு ஞாபகமெல்லாம் அந்தக் குச்சியோட வந்துருச்சு. இன்புளுயன்சாவாம். வைரஸாம்."

"ஊசி போட்டாங்களா?"

"அத ஏன் கேக்கறீங்க. ஊசி போடம்மணின்னு நானே சட்டையத் தூக்கிக் காட்டிப்போட்டேன். 'வைரஸுக்கு நீங்க கேக்கற ஊசி கேக்காதுங்க அப்பாரு. இந்தக் காப்ஸ்யூல் காலைல ஒண்ணு, ரவைக்கு ஒண்ணு, அஞ்சு நாளைக்கு நிறுத்தாமச் சாப்புடுங்க. தண்ணி நெறையக் குடிங்க, படுத்து எந்திரிங்க'ன்னு அனுப்பிப்போட்டுது. ஊசி போடாததுக்கு எதுக்குங்க போர்டும் லைட்டும்?"

"காப்ஸ்யூல் சாப்பட்றீங்களா?"

"சாப்பட்றேன், சாப்பட்றேன்." பாலுசாமி தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். விரலில் மாட்டும் கிளிப். அதை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டினார். "சீக்குக்கு மருந்திருக்குது பாய். இதுக்குத்தான் மருந்தில்ல."

அந்தக் கிளிப் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும். தொண்ணூற்று நாலுக்குக் கீழே இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே கூப்பிட வேண்டும், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செவ்வாய் இரவு அருள்குமார் கூடவே படுத்திருந்து பார்த்தபோது தொண்ணூற்று ஏழு. காலையில் பாலுசாமிதான், "லேத்து நிக்குது, ஆர்டர் நிக்குது, நீ ஏன் இங்க நிக்கற" என்று மகனைத் துரத்தியிருந்தார். வேளைக்கு ஒரு தரம் கிளிப்பை மாட்டிப் போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் போட்டோவில் மின்விசிறி விழுந்திருந்தது. இரண்டாவதில் பாலுசாமியின் மூக்குத் துவாரம் விழுந்திருந்தது. மருமகள் லோகப்பிரியா அதைப் பார்த்துவிட்டு, "இனி வீடியோ காலுங்க மாமா, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

லோகப்பிரியா பேங்க்கில் கடன் பிரிவில் இருப்பவள். தோட்டமே இல்லாதவன் தோட்டத்துக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோவைக் கொண்டுவந்தாலும், அதிலிருக்கும் நாய் அவனைப் பார்த்துக் குரைப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். அவளிடம் பாலுசாமிக்குப் பயம் என்று ஊரில் யாராவது சொன்னால் பாலுசாமி சண்டைக்குப் போவார். ஆனால் லோகப்பிரியா இருக்கும்போது போக மாட்டார்.

"இப்ப எவ்வளவுங்க காட்டுது?" என்று கேட்டார் முத்தலிப்.

பாலுசாமி ஜன்னலைப் பார்த்தார். செவலி அசை போட்டது. கடைசியில் கிளிப்பைத் தன் விரலில் மாட்டி, முத்தலிப் பக்கம் திருப்பினார். தொண்ணூற்று மூன்று.

"கவுண்டரே."

"மெசினு பொய் சொல்லுது."

"அருளக் கூப்புடுங்க."

"கூப்புட்டா?" பாலுசாமி மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார். "கொண்டுபோய் ஏ.சி. ரூம்ல போட்டுருவாங்க. ஊடு திரும்ப ஒரு வாரமாகும். செவலி? போன தடவ கன்னு காலு மடங்கி மாட்டிக்கிச்சு. நானும் நீங்களும் நின்னோம், வந்துச்சு. வேலுமணி பையன் என்ன பண்ணுவான்? பயந்துக்குவான். அது கன்னு போடட்டும், பொறவு நானே நடந்து போயி ஆசுபத்திரில படுத்துக்கறேன். ஒங்க விரலச் சித்த குடுங்க பாய். மருமவ கூப்புட்ற நேரமாச்சு."

முத்தலிப்புக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "விரலா? என்னங்க வெளையாட்டு இது. உசுரு சமாச்சாரம்."

"ரெண்டே நாளுங்க."

"முடியாதுங்க."

பாலுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டு, கையை நீட்டினார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவரும் தரகரும் கைமேல் துண்டைப் போட்டு, அதற்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். எந்த விரல், எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம் என்பதில் விலை இருக்கிறது. சுற்றி ஊரே கூடி நின்றாலும் தெரியாது. துண்டுக்கு அடியில் முடிந்த பேச்சு வெளியே வரக் கூடாது. அண்ணன் தம்பியிடம் சொல்லக் கூடாது, பெண்டாட்டியிடம் சொல்லவே கூடாது. முத்தலிப்பும் பாலுசாமியும் சிநேகமானதே ஒரு துண்டுக்கு அடியில்தான். இந்தச் செவலியின் பாட்டியை வாங்கியபோது. அன்றைக்கு என்ன விலை முடிந்தது என்று சென்னியம்மாளுக்கு இன்றுவரை தெரியாது, இஸ்மத்துக்கும் தெரியாது. கேட்டுக் கேட்டு இரண்டு பேரும் ஓய்ந்துபோனார்கள்.

நீட்டிய துண்டைத் தட்டுவது தரகருக்கு அழகல்ல. தள்ளி உட்காருங்க, தொடாதீங்க என்று இஸ்மத் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. துண்டு அதைவிடப் பழைய சட்டம். முத்தலிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிட்டே வந்து, துண்டுக்கு அடியில் கையை விட்டார்.

பாலுசாமி மூன்று விரலைப் பிடித்தார். மூன்று நாள். முத்தலிப் உதறினார். ஒரு விரலைப் பிடித்தார். பாலுசாமி உதறினார். காய்ச்சல் கை, தோசைக்கல் மாதிரி சுட்டது. அதை விட்டுவிட்டு ஓட வேண்டும் என்றும், விடவே கூடாது என்றும் முத்தலிப்புக்கு ஒரே நேரத்தில் தோன்றியது. கடைசியில் இரண்டு விரலில் நின்றது. யாரிடமும் வாய் திறப்பதில்லை. கேட்டபோது விரல் கொடுப்பது. பேச்சு முடிந்தது.

அப்போது போன் அடித்தது.

அடுத்து நடந்ததை ஒரு சர்க்கஸ்காரன் பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் சம்பளம் பேசியிருப்பான். போனைத் தண்ணிச் சொம்பில் சாய்த்து வைத்தார்கள். பாலுசாமி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, அதன் மேல் துண்டைப் பரப்பினார். எழுபத்திரண்டு வயது முத்தலிப், இரண்டு மாஸ்க்கோடு, கட்டிலுக்குப் பின்னால் தரையில் குந்தி, மூட்டு இரண்டும் கடுகு வெடிப்பது போல வெடிக்க, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, பாலுசாமியின் கக்கத்துக்கு அடியில் கையை நுழைத்து, துண்டின் விளிம்பில் ஆட்காட்டி விரலை மட்டும் நீட்டினார். இஸ்மத் தள்ளி உட்காரச் சொன்ன தூரம் அரையடியாகிவிட்டது.

"எப்படியிருக்குங்க மாமா?" லோகப்பிரியா.

"நல்லா இருக்கறேன் அம்மணி. நீ சாப்ட்டயா கண்ணு?"

"விரலக் காட்டுங்க."

துண்டு அசைந்தது. விரல் எட்டிப் பார்த்தது. கிளிப்பில் எண் ஓடி நின்றது. தொண்ணூற்று எட்டு.

"அட," என்றாள் லோகப்பிரியா. "நேத்தைக்கு ஏழு. இன்னைக்கு எட்டா?"

"மருந்து நல்ல மருந்துங்கண்ணு. அந்த டாக்டரம்மா கைராசிக்காரி." நாலு நிமிஷத்துக்கு முன்னால் பள்ளிக்கோடத்துப் பிள்ளையாக இருந்த டாக்டர் நந்திதாவுக்கு அந்த இடத்திலேயே பதவி உயர்வு கிடைத்தது.

"கை ஏனுங்க மாமா இவ்வளவு கோணலா இருக்கு?"

"குளுருதம்மணி."

சாயந்திரம் மறுபடி கூப்பிட்டாள். மறுபடி தொண்ணூற்று எட்டு. குடும்பக் குரூப்பில் அருள்குமார் கைதட்டுகிற பொம்மை போட்டான். பல்லடத்திலிருந்து சென்னியம்மாள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டதை மகள் மூலமாக எழுதிப் போட்டார். கட்டிலுக்குப் பின்னால் குந்தியிருந்த முத்தலிப்புக்கு அது அத்தனையும் தன் விரலுக்கு வந்த பாராட்டு என்று நினைக்கையில் அந்த விரலை மடக்கி வைத்துக்கொள்ளத் தோன்றியது. பாலுசாமியின் விரலில் மாட்டிப் பார்த்தால் தொண்ணூற்று இரண்டு. பேசினால் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிற்க வேண்டியிருந்தது.

"கவுண்டரே, இது தப்புங்க."

"துண்டு, பாய்."

"செவலிய நான் பாத்துக்கறேன். நானில்லாம அது இங்க வந்துச்சா?"

"துண்டு," என்றார் பாலுசாமி. அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது முத்தலிப்புக்கு உட்காரச் சீட் கிடைத்தது, உட்கார முடியவில்லை. கண்டக்டர், "ஏனுங் பெருசு, சீட்டுல முள்ளு இருக்குதா?" என்று கேட்டார். விரலில்தான் முள் இருந்தது. அருள்குமாருக்கு ஒரு போன் போட்டால் போதும். போட்டால் துண்டு போயிற்று. போடாவிட்டால் துண்டுக்குச் சொந்தக்காரர் போய்விடுவார். நாற்பது வருஷத்தில் ஒரு தரம்கூட அவர் வாய் தவறியதில்லை. கொம்பு ஒடிந்த மாட்டைக் கொம்பு முளைக்கும் என்று சொல்லி விற்றிருப்பார். அது வியாபாரம். துண்டு வேறு. மலுமிச்சம்பட்டி தாண்டுவதற்குள் போனை ஏழெட்டுத் தடவை எடுத்து எடுத்துப் பைக்குள் போட்டார். வேலுமணிக்கு மட்டும் போன் பண்ணி, "ரவைக்கு ஜன்னல் பக்கமே படுத்துக்க. இருமல் நின்னாலும் கூப்புடு, நிக்காட்டியும் கூப்புடு" என்று சொன்னார். வேலுமணி எதற்கு என்று கேட்கவில்லை. அவன் ஏற்கெனவே பயந்துகொண்டுதான் இருந்தான்.

வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினார். அதையும் இஸ்மத் எண்ணிக்கொண்டிருந்தார்.

"கவுண்டருக்கு எப்படியிருக்கு?"

"ம்."

"ம்மா, ம்ஹூமா?"

முத்தலிப் சோற்றைப் பிசைந்தார், உண்ணவில்லை. பேத்தி நிக்காஹுக்கு வாங்கிய மருதாணிக் கோன்கள் மேஜை மேல் கிடந்தன. நாலு கடையில் நாலு விதமாக வாங்கி, எது நன்றாகச் சிவக்கிறது என்று இஸ்மத் தன் உள்ளங்கையில் பொட்டுப் பொட்டாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்தலிப் அந்தக் கையையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல நல்லா செவக்கறது எது?"

"இது. ஒரு மணி நேரத்துல செக்கச்செவேல்னு ஆயிரும். பத்து நாளைக்குப் போகாது."

முத்தலிப் தட்டைத் தள்ளிவைத்து, வலது கையைக் கழுவி, ஈரம் துடைத்து, ஆட்காட்டி விரலை நீட்டினார். "இதுல போடு."

இஸ்மத் விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். "என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"போடுன்னா போடு. பூவோட போடு. தூரத்துலருந்து பாத்தாலும் தெரியோணும்."

"கண்ணாலம் ஹிபாவுக்குங்க."

"தெரியும்."

"எனக்குத் தெரியாம வேற எங்கயாச்சும்…"

"ஏம்மா, இந்த மூஞ்சிக்கா?"

அது நியாயமாகப் பட்டதால் இஸ்மத் கோனை எடுத்தார். நகக்கண்ணிலிருந்து இரண்டாவது கணுவரை ஒரு கொடி, அதில் மூன்று பூ, நுனியில் தொப்பி போல முழுச் சிவப்பு. நாற்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் புருஷனுக்கு அவர் அலங்காரம் செய்தது அதுதான் முதல் தடவை. "எதுக்குன்னு எப்ப சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"நான் சொல்லவே மாட்டேன்," என்றார் முத்தலிப். அன்று அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. "அதுக்குத்தான் இது."

வியாழக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் போனார். ஒரு கை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. கண்டக்டரிடம் இடது கையால் சில்லறை கொடுத்து வசவு வாங்கினார்.

பாலுசாமி, "வாங்க பாய்" என்பதையே இரண்டாகப் பிரித்துச் சொன்னார். உதட்டில் ரத்தம் இல்லை. கண்ணாடி மேஜையில் இருந்தது, மாட்டிக்கொள்ளச் சலிப்பு. ஆனால் ஜன்னலுக்கு வெளியே செவலியைப் பார்க்கும் கண் மட்டும் சலிக்கவில்லை. "இன்னைக்குப் போட்டுரும்," என்றார். "கொழகொழன்னு வழியுது."

"சரிங்க," என்றார் முத்தலிப். யாரும் சொல்லாமலேயே கட்டிலுக்குப் பின்னால் போய்க் குந்தினார்.

போன் அடித்தது. சொம்பு, போர்வை, துண்டு, கக்கம் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தன.

"மாமா, இன்னைக்கு எப்படிங்க?"

"நல்லா…" மூச்சு. "இருக்கறேன் அம்மணி."

"விரல்?"

துண்டு அசைந்தது. விரல் வெளியே வந்தது. முந்தின நாள் மாதிரி ஒளிந்து எட்டிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வருவது போல நிமிர்ந்து வந்தது. கிளிப்பில் எண் நின்றது. கண்ணாடி இல்லாத பாலுசாமி கண்ணை இடுக்கி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தி எட்டு," என்று பெருமையாக அறிவித்தார்.

போனுக்குள் சத்தமே இல்லை.

"கேக்குதா கண்ணு? எட்டு."

"மாமா," என்றாள் லோகப்பிரியா மெல்ல. கடன் மனுவில் போலிப் பட்டாவைப் பார்த்தவுடன் அவள் பேசுகிற குரல் அது. "விரல்ல என்னங்க மாமா?"

பாலுசாமி குனிந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருடைய கக்கத்திலிருந்து முளைத்த விரலில் மூன்று பூப் பூத்திருந்தது.

"அது… மஞ்சளு கண்ணு. இருமலுக்கு மஞ்சப்பால் குடிச்சனா, ஒட்டிக்கிச்சு."

"மஞ்சப்பால் செவப்பாங்க மாமா இருக்கும்?"

"நல்ல மஞ்சள்."

"அதுல பூவெல்லாம் வருமாங்க?"

பாலுசாமி யோசித்தார். அதற்குள் இருமல் வந்தது. இருமலில் போர்வை நழுவியது. போர்வை நழுவியதில் பாலுசாமியின் சொந்தக் கைகள் இரண்டும் வயிற்றின் மேல் அமைதியாகப் படுத்திருப்பது தெரிந்தது. மூன்று கையுள்ள மாமனாரை லோகப்பிரியா சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது யாருங்க பின்னால?"

முத்தலிப் சுவரைப் பார்த்தபடி, கொடுத்த வாக்குப்படி, வாயைத் திறக்காமல் குந்தியிருந்தார். விரலை மட்டும் ஒரு தரம் ஆட்டினார். கும்பிடு என்று வைத்துக்கொள்ளலாம்.

"பாய் மாமா," என்றாள் லோகப்பிரியா. மாமனாருக்காகக் கட்டிலுக்குப் பின்னால் குந்துகிற ஆள் ஒருவர்தான் என்று அவளுக்குத் தெரியும். "அந்தக் கிளிப்ப எடுத்து எங்க மாமா விரல்ல மாட்டுங்க. எனக்குத் தெரியற மாதிரி காட்டுங்க."

கேட்டபோது விரல் கொடுப்பது என்பதுதான் பேச்சு. கிளிப்பை மாற்றக் கூடாது என்று பேச்சில்லை. முத்தலிப் எழுந்து, பாலுசாமியின் சுடுகிற கையைத் தூக்கி, மாட்டினார். எண் இறங்கி இறங்கி எண்பத்தொன்பதில் நின்றது.

அருள்குமார் கணபதியிலிருந்து கார் எடுத்த வேகத்தைப் பற்றி முத்தலிப் பிற்பாடு பலவிதமாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பதிப்பில் காரின் நாலு சக்கரமும் தரையில் படவில்லை. அவன் வருவதற்கு முன்பே லோகப்பிரியா கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வந்து, பாலுசாமிக்கு மூக்கில் குழாய் வைத்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தூக்கும்போது அவர் கட்டுத்தரையைப் பார்த்தார், பிறகு முத்தலிப்பைப் பார்த்தார். மாட்டை மாற்றி விற்றவனைப் பார்க்கிற பார்வை. முத்தலிப், அவரைக் கொண்டுபோகிற ஆம்புலன்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனார்.

செவலி அன்று மத்தியானம் கன்று போட்டது. கால் மடங்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. வைக்கோல் தின்பது போல அது பாட்டுக்குப் போட்டுவிட்டு, ஏன் எல்லோரும் இப்படி நிற்கிறீர்கள் என்று திரும்பிப் பார்த்தது. கிடாரி. வேலுமணி போனில் படம் பிடித்தான். அதில் கன்றை விடப் பெரியதாக, அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு சிவப்பு விரல் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் பாலுசாமிக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். காப்ஸ்யூலை நிறுத்தாமல் கொடுத்தார்கள். நெஞ்சில் கொஞ்சம் சளி இறங்கியிருக்கிறது, நல்ல வேளையாக வந்துவிட்டீர்கள், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னபோது, அருள்குமார் அப்பனைத் திட்ட வாயைத் திறந்து, திட்டாமல், வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். கையில் ஊசி ஏற்றியபோது பாலுசாமி முகத்தில் மட்டும் ஒரு திருப்தி தெரிந்தது. கடைசியில் ஒரு வழியாக ஊசி.

காய்ச்சல் விட்டு, குழாயைக் குறைத்துக்கொண்டே வந்த நாளில் முத்தலிப் பார்க்கப் போனார். கன்று போட்ட அன்றிலிருந்து அவர் தோட்டத்துச் சாளையில்தான் தங்கியிருந்தார். இஸ்மத் போனில் திட்டித் திட்டி, கடைசியில் காரணத்தை லோகப்பிரியாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, திட்டுவதை நிறுத்தியிருந்தார். முத்தலிப்புக்கு இருமல் ஒன்றும் வரவில்லை. அதற்கு இரண்டு மாஸ்க்தான் காரணம் என்று இஸ்மத் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாலுசாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

லோகப்பிரியா ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். "உக்காருங்க பாய் மாமா. அவங்க ரெண்டு நாளா இப்படித்தான். உங்க பேச்சு வந்தாத் தூங்கிர்றாங்க."

"தூங்கட்டும் அம்மணி," என்றார் முத்தலிப். "கன்னு நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிப்போடு. நெத்தியில வெள்ளச் சுட்டி. பால் முட்டி முட்டிக் குடிக்குது. அதோட தொப்புளுக்கு மஞ்சப் போட்டுருக்குது. நல்ல மஞ்சள். பூ வராத மஞ்சள்."

போர்வைக்குள் ஒரு குலுங்கல் தெரிந்தது. இருமலா சிரிப்பா என்று சொல்ல முடியாது.

"தரகு புத்தி," என்றது சுவர்ப் பக்கத்துக் குரல். "துண்டு போட்ட பேச்ச வித்துப்போட்டாரு."

"நான் வாயத் தொறந்தனுங்களா?"

"தொறக்கல."

"விரல் கேட்டீங்க, குடுக்கலையா?"

துண்டுச் சட்டத்தில் மருதாணி பற்றி எதுவும் இல்லை என்பது பாலுசாமிக்கு அந்த நாலு நாளில் நன்றாகவே விளங்கியிருக்க வேண்டும். மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார். தலைமாட்டில் கிடந்த ஆஸ்பத்திரித் துண்டை எடுத்துக் கைமேல் போட்டு, நீட்டினார்.

லோகப்பிரியா கவனமாக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். துண்டுக்கு அடியில் என்ன பேசினார்களோ, ரொம்ப நேரம் பேசினார்கள். ஒரு மாட்டுக்கு இவ்வளவு நேரம் பிடிக்காது. ஒரு பட்டி மாட்டுக்கே பிடிக்காது.

அப்போது நர்ஸ் உள்ளே வந்தார். வேளைக் கணக்குக்கு ஆக்சிஜன் பார்க்க வேண்டும். கிளிப்பைத் திறந்து பிடித்துக்கொண்டு, துண்டைப் பார்த்து, "விரலக் காட்டுங்க அப்பாரு," என்றார்.

துண்டுக்கு அடியிலிருந்து இரண்டு விரல் வந்தன.

நர்ஸ் இரண்டையும் பார்த்தார். "இதுல பேஷண்டு எதுங்க?"

"செவக்காததுங்க," என்றார் பாலுசாமி. மூச்சு நிற்காமல், ஒரே மூச்சில் சொன்னார்.